வயதான குதிரையின் கடைசி நாள்: தகனமா, அடக்கமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் ஒரு கத்தியவாரி பெண்குதிரை இருக்கிறது. நிறமும் செவலை, பேரும் செவலை. அந்தியூர் குருநாதசாமி கோவில் ஆடிச் சந்தையில் அப்பா குட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தார். இப்போது வயது 26க்கு மேல். கடைவாய்ப்பல் முழுக்கத் தேய்ந்துவிட்டது. புல்லை மென்று மென்று உருண்டையாகத் துப்பிவிடுகிறது. கொள்ளை வேகவைத்து மசித்து, தவிட்டோடு கூழாகக் கரைத்துத்தான் கொடுக்கிறோம். அதைத் தவறாமல் குடிக்கிறது. ஆனால் பின்னங்கால் இரண்டிலும் பலம் இல்லை. படுத்தால் எழுந்திருக்கப் பெரிய பாடு. இடுப்பெலும்பு உரசி இரண்டு பக்கமும் புண்ணாகிவிட்டது.

பார்க்க வரும் டாக்டர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: "ஒரு நாள் எழுந்திருக்காது. அன்றைக்கு அலைந்து திரியாமல் இப்போதே ஏற்பாடு பண்ணி வையுங்கள்."

அதனால்தான் கேட்கிறேன். வெளிநாட்டில் குதிரைக்கென்றே தகன நிலையம் இருக்கிறதாம், சாம்பலை வீட்டுக்குக் கொடுக்கிறார்களாம். நம் பக்கம் அப்படி ஏதாவது உண்டா? இல்லையென்றால் தோப்பில் புதைக்கலாமா? தோப்பில் கிணறு இருக்கிறது, அந்தத் தண்ணீரைத்தான் வீட்டுக்கும் எடுக்கிறோம். இன்னொன்று, ஊசி என்ற பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து வெளியே போய்விடுகிறார். அவரிடம் எப்படிப் பேசுவது என்றும் தெரியவில்லை.

---

நியூமார்க்கெட்_தமிழன்

தம்பி, படிக்கவே மனது கனமாக இருக்கிறது. நான் இங்கிலாந்தில் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை செய்கிறேன். இங்கே நடப்பதைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வயதான குதிரை வைத்திருப்பவர்கள் பல மாதத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துவிடுகிறார்கள். எந்த டாக்டரைக் கூப்பிடுவது, ஊசியா துப்பாக்கியா, உடலை யார் எடுத்துப் போவது, தகனமா, சாம்பல் வேண்டுமா என்று எல்லாம் அதில் இருக்கும். உரிமையாளர் ஊரில் இல்லையென்றால் முடிவு எடுப்பது யார் என்பதும் இருக்கும். கடைசி நேரத்தில் யாருக்கும் மூளை வேலை செய்யாது, அதனால்தான். காப்பீடு இருந்தால் உயிரை முடிப்பதற்கு முன்பே நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். கால் உடைந்து துடிப்பது போன்ற அவசரத்துக்கு மட்டும் விலக்கு.

ஊசி என்றால் செகோபார்பிட்டால், சின்கோகெய்ன் இரண்டும் கலந்த மருந்துதான் இங்கே வழக்கம். முதலில் மயக்கத்துக்கு ஒன்று, அப்புறம் கழுத்து நரம்பில் சுமார் 25 மில்லி. ஒரு நிமிடத்துக்குள் குதிரை சாய்ந்துவிடும். துப்பாக்கியும் கொடுமையானது இல்லை, பழகிய கை என்றால் அதைவிட வேகமானது எதுவுமில்லை. அப்படிப் போன உடலில் வேறு மருந்தும் இல்லையென்றால் வேட்டைநாய்ப் பண்ணைகள்கூட நாய்த் தீனிக்கு எடுத்துக்கொள்ளும். ஊசி போட்ட உடலை யாரும் எதற்கும் தின்னக் கொடுக்கக் கூடாது. எரிப்பது, இல்லையென்றால் அனுமதி வாங்கிப் புதைப்பது, இரண்டே வழி.

தகன நிலையத்திலிருந்து மூடிய வண்டி வரும். தனியாக எரிப்பது, கூட்டாக எரிப்பது என்று இரண்டு வகை. சாம்பல் வேண்டும் என்பவர்கள் தனித் தகனத்துக்குச் சொல்ல வேண்டும். அங்குள்ள விதிப்படி உலையில் புகை 850 டிகிரியில் குறைந்தது இரண்டு நொடி இருந்தாக வேண்டும். ஒரு குதிரை எரிந்து முடிய ஒரு பகலோ ஓர் இரவோ போய்விடும். முழுச் சாம்பலும் வேண்டுமென்றால் பெரிய மரப்பெட்டியே தேவைப்படும், தூக்க இரண்டு பேர் வேண்டும். அதனால் பலர் கொஞ்சத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். செலவு பல நூறு பவுண்டு, குதிரை பெரிதானால் ஆயிரத்தைத் தொடும். குதிரைக்கு இங்கே பாஸ்போர்ட் என்று ஓர் அடையாளப் புத்தகம் உண்டு. இறந்த 30 நாளுக்குள் அதைக் கொடுத்த அமைப்புக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அதைத் தபாலில் போடும்போதுதான் நிறையப் பேர் உடைந்து அழுவார்கள்.

கெம்ப்டன் பார்க் மைதானத்தில் டெசர்ட் ஆர்க்கிட் என்ற வெள்ளைக் குதிரையின் சாம்பலைத்தான் 2006இல் புதைத்தார்கள், அதன் சிலைக்குப் பக்கத்தில். அமெரிக்காவில் 2006 கென்டக்கி டெர்பியை ஜெயித்து, அடுத்த பந்தயத்திலேயே கால் உடைந்து, 2007இல் இறந்த பார்பாரோவின் சாம்பலும் சர்ச்சில் டவுன்ஸ் வாசலில் இருக்கிறது. டிக்கெட் எடுக்காமலே யாரும் வந்து பார்க்கிற இடமாக வேண்டும் என்று அதன் சொந்தக்காரர்கள் வெளிவாசலைத் தேர்ந்தெடுத்தார்கள்.

---

கடற்கரைச்_சவாரி

அண்ணா சொல்வது நல்ல நாட்டுக் கதை. எங்கள் கதை வேறு. நாங்கள் கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிச் சவாரி விட்டுப் பிழைப்பவர்கள். குதிரை செத்தால் அன்றைக்கே வருமானமும் போகிறது, உடலை என்ன செய்வது என்பது அதற்கு மேல் ஒரு பாரம். சொந்த நிலம் கிடையாது.

எங்கள் குதிரை ஒன்று ராத்திரியில் வயிற்றுவலி வந்து இறந்தது. காலையில் குப்பை அள்ளும் லாரிதான் வந்தது. கழுத்தில் கயிறு போட்டு, தார்ரோட்டில் இழுத்து, பின்பக்கக் கதவு இடிக்க இடிக்க ஏற்றினார்கள். முந்தின நாள் மாலைவரை அதன் முதுகில் உட்கார்ந்த பிள்ளைகள் அந்தத் தெருவில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு தார்ப்பாய் போட்டு மூடக்கூட ஆள் இல்லை. எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்று கேட்டதற்கும் பதில் இல்லை.

தகனம், சாம்பல் என்பதெல்லாம் எங்களுக்கு எட்டாத ஊர். கழுத்தில் கயிறு போடாமல் தூக்குங்கள், போகும்போது மூடிக்கொண்டு போங்கள். எங்களுக்கு இவ்வளவு போதும்.

---

மலைக்_கால்நடை (நீலகிரி)

கால்நடை மருத்துவராக இருக்கிறேன். கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் தகனம். நம் ஊர்களில் செல்லப்பிராணிகளுக்கு இருக்கும் எரியூட்டு நிலையங்கள் நாய், பூனை அளவுக்குக் கட்டியவை. 350, 400 கிலோ உடலை அந்த உலையின் வாசலுக்குள்ளேயே நுழைக்க முடியாது. துண்டுபோட்டு எரிக்கலாம் என்று யாராவது சொன்னால், உங்கள் மனது அதைத் தாங்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆகவே உங்கள் தோப்பில், முறையாக, ஆழமாக அடக்கம் செய்வதுதான் நடைமுறைக்கு ஆகிற வழி. ஊராட்சிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆழமாக, முறையாகச் செய்தால் அது தகனத்துக்கு எந்த விதத்திலும் குறைந்த மரியாதை இல்லை.

குழி: நீளம் 10 அடி, அகலம் 7, ஆழம் 9. உடலுக்கு மேலே ஆறடி மண் நிற்க வேண்டும். ஆனைமலை ஓரத்தில் காட்டுப்பன்றியும் நரியும் நாயும் மேலோட்டமான குழியை ஒரே இரவில் கிளறிவிடும். கிணற்றிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, கிணற்றைவிடத் தாழ்வான பக்கமாகப் பாருங்கள். தோண்டும்போது ஊற்று கசிந்தால் அந்த இடம் வேண்டாம். ஓடை, வாய்க்கால் ஓரமும் வேண்டாம். உங்கள் பகுதியில் சில இடத்தில் அஞ்சடியிலேயே பாறை தட்டும். அது அன்றைக்குத் தெரிந்தால் மோசம், அதனால் இப்போதே ஓரிடத்தில் தோண்டிப் பார்த்துவிடுங்கள். பார்த்த குழியைத் திறந்தபடி விடாமல் மூடிவிடுங்கள்.

லாடம், தலைக்கயிறு, நைலான் துணி எதையும் உடலோடு விடாதீர்கள். மஞ்சள், மாலை, ஒரு கை உப்பு என்று உங்கள் வழக்கப்படி போடுங்கள், தப்பில்லை. ஆனால் மூட்டை மூட்டையாக உப்பும் சுண்ணாம்பும் கொட்டினால் சீக்கிரம் மக்கும் என்பது தவறான நம்பிக்கை. இரண்டும் மக்குவதைத் தள்ளித்தான் போடும். மூடிய பிறகு மண்ணை இரண்டு மூன்றடி மேடாகவே குவியுங்கள். சில மாதத்தில் தானாக அமுங்கும்.

அடுத்தது ஊசி. நம் பக்கம் பெரும்பாலும் சைலசின் கொடுத்து மயக்கி, பிறகு தயோபென்டோன் போட்டு ஆழ்ந்த மயக்கத்துக்குக் கொண்டுபோய், அதற்கப்புறமே மக்னீசியம் சல்ஃபேட்டோ பொட்டாசியம் குளோரைடோ கொடுத்து இதயத்தை நிறுத்துவோம். வரிசை முக்கியம். நினைவோடு நிற்கிற குதிரைக்கு நேரடியாக மக்னீசியம் சல்ஃபேட் மட்டும் ஏற்றுவது கொடுமை. மூச்சுத் தசை செயலிழந்து, நினைவு இருக்கும்போதே திணறும். "முதலில் முழு மயக்கம் தருவீர்களா?" என்று உங்கள் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பக்கத்தில் நிற்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியது: இறந்த பிறகும் கண் திறந்தேதான் இருக்கும். இரண்டு மூன்று பெருமூச்சு வரலாம், தோல் துடிக்கலாம், சிறுநீர் போகலாம். அது வலியில்லை, உயிர் திரும்பி வருவதும் இல்லை. கருவிழியைத் தொட்டும் இமை அசையாமல், நெஞ்சில் சத்தம் நின்று சில நிமிடம் கேட்டுப் பார்த்த பிறகே நாங்கள் "முடிந்தது" என்போம்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். மயக்க மருந்தில் இறந்த உடல் விஷம். தயோபென்டோன் சேர்ந்த பார்பிட்டுரேட் வகை மருந்து மண்ணில் ஓராண்டு தாண்டியும் சிதையாமல் கிடந்திருக்கிறது. அந்தச் சதையைத் தின்ற நாயும் கழுகும் செத்திருக்கின்றன. வலிநிவாரணியும் அப்படித்தான். டைக்ளோஃபெனாக் கொடுத்த மாடுகளைத் தின்றுதான் இந்தியாவின் பாறு கழுகுகள் கொத்துக் கொத்தாக அழிந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள், 2023இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் அதில் சேர்ந்தன. எஞ்சிய பாறுகள் எங்கள் சீகூர், மாயாறு பக்கம்தான் தெற்கில் அதிகம். ஊட்டியில் மேய்ச்சலுக்கு விட்ட மட்டக்குதிரை ஏதாவது பள்ளத்தில் செத்துக் கிடந்தால் எனக்கு முதலில் வரும் பயம், "கடைசி வாரம் இதற்கு என்ன ஊசி போட்டார்கள்?" என்பதுதான். அப்படியே திறந்த வெளியில் விட்டுவிடாதீர்கள். ஆழமாகப் புதைப்பது உங்கள் குதிரைக்கு மட்டும் செய்கிற மரியாதை இல்லை, அதன் பக்கத்தில் வாழ்கிற மற்ற உயிர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஒரு எச்சரிக்கை. திடீரென்று இறந்து மூக்கு, வாய், ஆசனவாயில் கருரத்தம் வந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். மூக்கில் சளியும் தோலில் கட்டியும் புண்ணுமாக இருந்து இறந்தால் கிளாண்டர்ஸ் சந்தேகம், அது மனிதருக்கும் தொற்றும். இரண்டிலும் உடலைத் திறக்கவோ தோலை உரிக்கவோ கூடாது. உடனே அரசு கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள், 1962க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

---

அறவழி

மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடில்லை. இத்தனை வருடம் சோறு போட்ட உயிரை நம் கையாலேயே முடிப்பது பாவம். இயற்கையாக வரும்போது வரட்டும். தகனமும் அடக்கமும் அதற்கு அப்புறம் பேசலாம்.

---

நியூமார்க்கெட்_தமிழன்

அறவழி ஐயா, உங்கள் மனது புரிகிறது. ஆனால் குதிரை "இயற்கையாக" சாவதை நான் பார்த்திருக்கிறேன். தூக்கத்தில் போவது அபூர்வம். பெரும்பாலும் சூலைதான். குடல் முறுக்கிக்கொண்டு, வேர்த்துக் கொட்டி, வயிற்றைத் தானே உதைத்து, விழுந்து புரண்டு, மணிக்கணக்கில் போகும். இல்லையென்றால் எழுந்திருக்க முடியாமல் போவது. நாய் படுத்தால் படுத்துக் கிடக்கும். குதிரை அப்படி இல்லை. அத்தனை கிலோ எடையும் அழுத்தி, அடியில் இருக்கிற தசைக்கு ரத்தம் போகாமல் செத்துப்போகும், நுரையீரலும் நசுங்கும். ஓடித் தப்பிப்பதற்கென்றே பிறந்த உயிர் என்பதால் எழ முடியாதபோது அதற்கு வருகிற பயத்தைக் கண்ணில் பார்க்கலாம். தலையை மண்ணில் அடித்து அடித்துக் கண் ஓரமே கிழிந்துவிடும்.

---

மலைக்_கால்நடை (நீலகிரி)

சட்டமும் இதைப் பாவமாகப் பார்க்கவில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் 13ஆம் பிரிவு, உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்ற நிலைக்கு வந்த விலங்கை வலியில்லாமல் முடிக்க வழி செய்கிறது. ஐயாவின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் கடைசி மூன்று நாள் துடிப்பை நாம் பார்த்துக்கொண்டு நிற்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றுதான் சொல்வேன்.

---

அந்தியூரான்

சந்தைக்கு வருடா வருடம் போகிறவன் நான். விறகுச் சிதை வைக்கலாமா என்று யாராவது யோசித்தால் அதற்கும் சொல்லிவிடுகிறேன். மனிதருக்கே 300 முதல் 500 கிலோ விறகு பிடிக்கிறது. குதிரைக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும், அதுவும் நடுவில் காற்று போகிற மாதிரி அடுக்கத் தெரிந்த ஆள் இருந்தால்தான். எங்கள் பக்கம் ஒருவர் ஆசையாக ஏற்பாடு செய்தார். வெளிப்பக்கம் கருகி, வயிற்றுப் பகுதி வேகாமல் நின்றுவிட்டது. கடைசியில் ஜேசிபி வைத்துத்தான் மூடினார்கள். அந்த வீட்டம்மா அந்தக் கோலத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

புதைப்பதை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். செஞ்சிப் பக்கம் நீலாம்பூண்டியில் தேசிங்கு ராஜாவின் குதிரைக்குச் சமாதி என்று இன்றைக்கும் ஊரார் காட்டுகிறார்கள். ராஜா இறந்தது 1714இல். முந்நூறு வருடமாகக் குதிரைக்கும் ஓர் இடம் நிற்கிறது.

கடற்கரைத் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வேறு வேலை ஓடவில்லை. அடுத்த தடவை (வர வேண்டாம், வந்தால்) முன்னங்கால், பின்னங்கால் இரண்டிலும் அகலமான பெல்ட் போட்டுத் தூக்கச் சொல்லுங்கள். தென்னை மட்டை ஏற்றுகிற டிராக்டர்காரர்களிடம் அந்த பெல்ட் இருக்கும். இறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் காலை மடக்கி வைத்துவிட வேண்டும். விறைத்துவிட்டால் மடங்காது, ஏற்றுவதும் கோரமாகிவிடும்.

---

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். டாக்டர் எழுதியதை அச்செடுத்து அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். எதுவும் பேசவில்லை. சாயங்காலம் தோப்புக்குக் கூட்டிப்போய்த் தென்மேற்கு மூலையைக் காட்டி, "இங்கே பாறை இருக்காது, நான் வாழைக்குத் தோண்டின இடம்" என்றார். அவ்வளவுதான் பேசினார். கிணறு மேட்டில் வடகிழக்கில் இருக்கிறது, அளந்து பார்த்ததில் நூறு மீட்டருக்கு மேலேயே வந்தது. தோண்டிப் பார்த்தோம், ஒன்பது அடி வரை செம்மண்தான், ஈரக்கசிவு இல்லை. மூடிவிட்டோம்.

இன்னும் இரண்டு கேள்வி. எங்கள் குதிரைக்காரர் செவலை வந்த நாளிலிருந்து கூடவே இருக்கிறார். அவரை அன்றைக்குக் கயிறு பிடிக்கச் சொல்லலாமா, வேண்டாமா? செவலையோடு ஒரு இளம் ஆண்குதிரையும் லாயத்தில் இருக்கிறது. அதை அந்த நேரத்தில் எங்கே கட்டுவது?

---

நியூமார்க்கெட்_தமிழன்

குதிரைக்காரரை நீங்களாக முடிவு பண்ணாமல், அவரிடமே கேளுங்கள் தம்பி. உரிமையாளர் வீட்டில் எல்லோருக்கும் ஆறுதல் சொல்வார்கள், தினமும் சாணி அள்ளி, குளம்பு சுரண்டி, ராத்திரி வயிற்றில் காது வைத்துக் கேட்டவரை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். இங்கே பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி இதற்கென்றே பயிற்சி கொடுத்த தன்னார்வலர்களை வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் கூட நிற்பதும், அப்புறம் போனில் பேசுவதும்தான் அவர்கள் வேலை. நம் ஊரில் அந்த வேலையைச் சொந்தபந்தம்தான் செய்ய வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அன்றைக்குச் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். வேண்டும் என்றால், செவலைக்குப் பிடித்த கூழை அவர் கையாலேயே கொடுக்கட்டும். வால்முடி கொஞ்சம் முதல் நாளே வெட்டி, கழுவிக் காயவைத்து, நூலால் கட்டி அவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள். லாடம் ஒன்று அப்பாவுக்கு.

---

மலைக்_கால்நடை (நீலகிரி)

கயிற்றைக் கடைசி ஊசியின்போது டாக்டரோ பழகிய உதவியாளரோ வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு. குதிரை முன்னாலும் சாயும், பின்னாலும் சாயும், எந்தப் பக்கம் என்று யாரும் சொல்ல முடியாது. அதுவரை குதிரைக்காரர் செவலையின் தோளில் கை வைத்துப் பேசிக்கொண்டிருக்கட்டும், அதற்குப் பழகிய குரல் பெரிய ஆறுதல். புல் தரையில், குழியிலிருந்து ஜேசிபி எட்டுகிற தூரத்தில், ஆனால் குழியின் விளிம்பில் இல்லாமல் நிறுத்துங்கள்.

இளங்குதிரையைப் பார்வைக்கு எட்டும் தூரத்தில் கொஞ்சம் புல் போட்டுக் கட்டுங்கள். எல்லாம் முடிந்து டாக்டர் சரி என்ற பிறகு, நீளமான கயிற்றில் பிடித்துக் கூட்டி வந்து முகர்ந்து பார்க்க விடுங்கள். மருந்து ஏறிய இடத்தை மட்டும் நக்க விடாதீர்கள். பார்க்காத குதிரைதான் நாள்கணக்கில் கனைத்துத் தேடும், பார்த்தது பெரும்பாலும் சீக்கிரம் தீனிக்குத் திரும்பிவிடுகிறது. குழிக்குள் இறக்கும்போது அப்பாவையும் குதிரைக்காரரையும் வீட்டுப் பக்கம் அழைத்துப் போய்விடுங்கள். இறக்கிச் சரியாகப் படுக்க வைத்த பிறகு முதல் மண்ணுக்குக் கூப்பிட்டால் போதும்.

நாள் குறிப்பது பற்றி ஒன்று. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் உங்கள் செம்மண்ணில் ஜேசிபி இறங்காது. புண் ஆழமாவதும், படுத்தால் ஆள் பிடிக்காமல் எழ முடியாததும் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால், நான் மழைக்கு முன்னால்தான் சொல்வேன். உங்கள் டாக்டரிடம் இந்த வாரமே பேசுங்கள், தயோபென்டோன் வரவழைக்க அவருக்கும் சில நாள் வேண்டியிருக்கும்.

---

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

பேசிவிட்டேன் டாக்டர். மருந்து சொல்லி வைக்கிறார். குதிரைக்காரர் நான்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டார். ஜேசிபிக்காரர் பக்கத்து ஊர்தான், மழைக்கு முன்னால் காலை எந்த நேரம் கூப்பிட்டாலும் வருகிறேன் என்றிருக்கிறார். அகலமான பெல்ட் இரண்டு கேட்டு வாங்கி லாயத்திலேயே மாட்டி வைத்திருக்கிறோம்.

கடற்கரைத் தம்பி, உங்கள் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். எங்கள் வேலை முடிந்ததும் அந்த இரண்டு பெல்ட்டும் ஒரு நல்ல கான்வாஸ் தார்ப்பாயும் பார்சலில் போட்டுவிடுகிறேன். உங்கள் பக்கத்தில் எல்லாக் குதிரைக்காரர்களுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள்.